பனிக்காலத்துச் செலவு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவையொட்டி நடைபெறும் இவ்வமர்வுகளுக்குப் 'பயணம்' என்னும் பொதுத் தலைப்பை அமைப்பாளர்கள் தேர்ந்துள்ளனர். நண்பர்கள் கடற்பயணம் பற்றியும் யாத்திரை பற்றியும் பேசினர். எனக்கு அளிக்கப்பட்டது பயணத்துக்கு முந்தைய பொழுது. அதாவது, புறப்படுவதற்கான ஆயத்தம். இதை நான் ஒரு குறிப்பிட்ட பயணத்தின் வாயிலாகவே பேச விரும்புகிறேன். கடுங்குளிர் காலத்தில், நெடுந்தொலைவில் உள்ள குளிர்நிலம் ஒன்றுக்கு, திரும்பி வரும் உறுதி சிறிதுமின்றிக் குடிபெயர்ந்த சில பெண்களின் பயணம் அது.

தமிழில் பயணத்துக்குரிய பழஞ்சொற்களுள் ஒன்று 'செலவு'. இன்று அச்சொல் பணம் கையைவிட்டுப் போவதையே குறிக்கிறது. சங்கப் பாடல்களில் அது ஊரைவிட்டுப் போவதைக் குறித்தது. பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகம் கண்டு தயங்கி நிற்பதற்குச் 'செலவழுங்குதல்' என்று ஒரு துறையே வகுத்தார்கள். தலைவி தலைவனோடு புறப்பட்டுப் போவதற்கு 'உடன்போக்கு' என்று பெயரிட்டார்கள். புறப்படும் நேரத்தை இலக்கியத்துக்குரிய பொருளாக நம் முன்னோர் மதித்திருந்தனர் என்பதற்கு இவை சான்று.

பிரிவுக்குரிய திணை பாலை. பாலை என்றதும் கொளுத்தும் வேனிலே நம் நினைவுக்கு வரும். ஆனால் தொல்காப்பியர் வேனிலைக் கூறியபின், பின்பனியும் அத்திணைக்கு உரியது என்று தனியே ஒரு நூற்பாவில் சேர்த்துச் சொல்கிறார். நம் நாட்டுப் பின்பனி ஒரு போர்வைக்கு அடங்கும். அது எவ்வாறு வேனிலுக்கு இணையான கொடுமையாகும் என்று மாணவப் பருவத்தில் ஐயுற்றோர் நம்மிடையே இருக்கலாம். பனியே பாலையான நிலம் ஒன்றை இன்று காண்போம்.

1825ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், அன்றைய உருசிய நாள்காட்டிப்படி, பீட்டர்ஸ்பர்க் நகரின் செனட் சதுக்கத்தில் ஏறத்தாழ 3,000 படைவீரர்கள் புதிய சாருக்குப் பற்றுறுதி கூற மறுத்து அணிவகுத்து நின்றனர். அவர்களை நடத்தி வந்தவர்கள் இளம் அதிகாரிகள். அரசியல் சட்டமும் பண்ணையடிமை ஒழிப்பும் அவர்கள் கோரிக்கைகள். அன்று மாலைக்குள் பீரங்கிகள் அவர்களைச் சிதறடித்தன. ஐவர் 1826 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கவிஞர் ரைலேயெவ். நூற்றுக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். டிசம்பரிஸ்டுகள் என்று வரலாறு இவர்களை அழைக்கிறது.

அவ்வாறு அனுப்பப்பட்டோரின் மனைவியரிலும், மணம் பேசப்பட்டிருந்த பெண்களிலுமாகப் பதினொருவர் அவர்களைப் பின்தொடர்ந்து சைபீரியா சென்றனர். முதலில் புறப்பட்டவர் எகத்தெரீனா துருபெத்ஸ்கயா. கணவரைக் கொண்டுபோன மறுநாளே, 1826 ஜூலையில், அவர் கிளம்பிவிட்டார். அடுத்தவர் மரியா வல்கோன்ஸ்கயா. 1812ஆம் ஆண்டு நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டுப் புகழ்பெற்ற தளபதி ரயேவ்ஸ்கியின் மகள். இருபது வயதைச் சற்றே கடந்தவர். 1825 ஜனவரியில் திருமணம். 1826 ஜனவரியில் ஆண்குழந்தை. அதற்குச் சில நாள் கழித்துக் கணவர் செர்கேய் வல்கோன்ஸ்கி கைது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் மரியா மாஸ்கோவிலிருந்து புறப்பட்டார். என் பேச்சு பெரும்பாலும் இவரைப் பற்றியதே. இவர் பிரெஞ்சு மொழியில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளை இவருடைய மகன் மிகயீல் 1904இல் அச்சிட்டதால், அப்பயணத்தை அவர் வாய்மொழியாகவே நாம் அறிய முடிகிறது.

முதலில் எழும் வினா: குளிர்காலத்தில் ஏன் புறப்பட வேண்டும்? நம் மரபில் கார்காலம் வந்தால் வழிகள் அடைபடும். ஆறுகள் பெருகும், பாசறையில் இருந்த தலைவன் வீடு திரும்புவான், முல்லைத்திணை அந்தத் திரும்புதலின் மேல் எழுந்தது. உருசிய நிலத்தில் நிலைமை நேர்மாறானது. இளவேனிலில் பனி உருகும்போதும் இலையுதிர்கால மழையின்போதும் மண்வழிகள் சேறாகி, வண்டிச்சக்கரம் அச்சுவரை புதையும். பாலமில்லாத பேராறுகள் பயணியை நாள்கணக்கில் கரையில் நிறுத்திவைக்கும். குளிர் முற்றினால் ஆறு உறைந்து தானே பாலமாகிறது, சேறு இறுகுகிறது, அதன்மேல் படியும் பனியில் சறுக்குவண்டி விரைந்தோடுகிறது. பைக்கால் ஏரிகூட ஜனவரியில் உறைந்து, வண்டியும் குதிரையும் செல்லும் தரையாகிறது. மாஸ்கோவிலிருந்து இர்குத்ஸ்க் நகருக்கு 5,000 கிலோமீட்டருக்கும் மேல். மரியாவுக்கு ஓராண்டு கழித்துப் புறப்பட்ட போலீனா என்னும் பிரெஞ்சுப் பெண் அத்தொலைவை 18 நாள்களில் கடந்தார். கோடைச் சேற்றில் எந்தக் குதிரையாலும் அது ஆகாது. உயிரைக் கொல்லக்கூடிய அந்தப் பருவமே வழியைத் திறந்துவிடும் பருவமாகவும் இருந்தது. அங்கே ஆயத்தம் என்பது இந்த இரண்டையும் ஒருங்கே எண்ணிச் செய்வது.

சைபீரியக் குளிரின் அளவையும் சொல்லவேண்டும். இப்பெண்கள் பின்னர் வாழ்ந்த சித்தா ஊரின் ஜனவரிச் சராசரி, உறைநிலைக்குக் கீழே 25 பாகையை ஒட்டியது. இரவுகளில் அதனினும் பல பாகை இறங்கும். பாதரசம் உறைநிலைக்குக் கீழே 39 பாகையில் கட்டியாகிவிடும். ஆகவே பாதரச வெப்பமானி பயனற்றுப்போகும் இரவுகளும் அந்நிலத்தில் உண்டு. வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும்.

இக்குளிருக்கு உடலை எவ்வாறு ஆயத்தம் செய்வது? கம்பளியும் மென்மயிர்த் தோலும் தாமாக வெப்பம் தருவன அல்ல. உடலைச் சுற்றி அசையாத காற்றை அவை பிடித்துவைக்கின்றன. அந்தக் காற்றே காப்பு. எனவே இறுக்கமான ஒரே தடித்த உடையைவிடத் தளர்ந்த பல அடுக்குகள் நல்லன. ஈரமே பெரும்பகை. வியர்வையில் நனைந்த துணி வெப்பத்தை வெளியே கடத்திவிடும். ஆகவே ஓடி வியர்ப்பதும் ஆபத்து. காலுக்குத் தோற்காலணி போதாது. அழுத்திய கம்பளியால் ஆன 'வாலென்கி' என்னும் முழங்காலளவுக் காலணி வேண்டும். மது அருந்தினால் உடல் சூடேறுவதுபோலத் தோன்றும். உண்மையில் தோலடி நாளங்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறும். குளிரில் குடித்துவிட்டு உறங்கியவன் எழாமற்போவது அதனால்தான்.

வண்டியின் பெயர் 'கிபித்கா'. மரச்சட்டத்தின்மேல் பாதிக்கூண்டு போட்ட சறுக்குவண்டி. இருக்கை கிடையாது. அடியில் பெட்டிகளை நிரவி, வைக்கோல் பரப்பி, மெத்தையிட்டு, அதன்மேல் பயணி தோற்போர்வைக்குள் சாய்ந்து கிடப்பார். அஞ்சல் நிலையந்தோறும் குதிரைகளை மாற்றுவார்கள். அக்குதிரைகளைப் பெற அரசு தந்த வழிச்சீட்டு வேண்டும். சைபீரியப் பயணிகள் உணவையும் குளிரிடமே ஒப்படைத்திருந்தனர். இறைச்சி பொதிந்த மாவுக்கொழுக்கட்டைகளை உறையவைத்து மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டார்கள். பாலைக்கூட வட்டக் கட்டிகளாக உறையவைத்து விற்றார்கள். நிலையத்தில் கொதிநீர் கிடைத்தால் உணவு ஆயிற்று.

இவையெல்லாம் எந்தப் பயணிக்கும் உரியவை. மரியாவின் ஆயத்தத்தில் இவற்றினும் கடினமான பகுதிகள் இருந்தன.

முதலாவது பணம். தம் வைரங்களை அடகுவைத்தார். கணவரின் கடன்கள் சிலவற்றை அடைத்தார், எஞ்சியது வழிக்கு. இரண்டாவது இசைவு. சாருக்கு மடல் எழுதினார். பதில் மடல் வந்தது, அதில் தடையில்லை. ஆனால் இர்குத்ஸ்கைக் கடந்தபின் நேரப்போவதைப் பற்றிய எச்சரிக்கை இருந்தது. மடலில் பெரிய சிவப்பு அரக்கு முத்திரை. ஓராண்டும் நிறையாத குழந்தை அந்த முத்திரையை வைத்து விளையாடிக்கொண்டிருந்ததை மரியா குறிப்பில் எழுதியிருக்கிறார். தன் தாயைத் தன்னிடமிருந்து பிரிக்கும் ஓலை அது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்!

மூன்றாவது வீடு. நம் அகப்பாடல்களில் உடன்போக்கின்போது நற்றாய் புலம்புவாள். செவிலி தேடிப் போவாள். இங்கே நற்றாயின் இடத்தில் நின்றவர் தந்தை. போர்க்களத்தில் அஞ்சாத தளபதி, மகள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் சபிப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் திரும்பவில்லை. 1829இல் தாம் இறக்கும் தறுவாயில் அவளுடைய உருவப்படத்தைக் காட்டி, தாம் அறிந்த பெண்களுள் மிக வியக்கத்தக்கவள் அவளே என்றார். அச்சொல்லைக் கேட்க மகள் அருகில் இல்லை. குழந்தையைக் கணவரின் தாயிடம் விட்டார். கம்பனின் சீதை மரவுரி உடுத்து வந்து இராமனின் பக்கத்தில் நின்றபோது, இடுப்பில் விட்டுப்போகக் குழந்தை இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு மரியாவைக் கற்பின் சின்னமாக நிறுத்துவது எளிது. அது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

புறப்பட்ட இரவு 1826 டிசம்பர் 26. மாஸ்கோவில் கணவரின் அண்ணன் மனைவி ஜினயீதாவின் இல்லத்தில் வழியனுப்பு விருந்து. அவர் ஊரிலிருந்த இத்தாலியப் பாடகர்களையெல்லாம் அழைத்திருந்தார். இனி எப்போது இசை கேட்கப்போகிறோமோ என்று மரியா மீண்டும் மீண்டும் பாடச் சொல்லிக் கேட்டார். விருந்தினருள் பூஷ்கின் இருந்தார். சுரங்கத்தில் இருக்கும் நண்பர்களுக்குத் தாம் எழுதும் கவிதையை மரியாவிடம் கொடுத்தனுப்ப அவர் எண்ணியிருந்தார். ஆனால் மரியா அன்றிரவே வண்டியேறிவிட்டார். அவ்வண்டியின் பின்புறத்தில், அவருக்குத் தெரியாமல், ஜினயீதா ஒரு சிறு கிளாவிகார்டு இசைப்பெட்டியைக் கட்டிவைத்திருந்தார். இசைக்கு ஏங்குவாள் என்று உணர்ந்த ஒருத்தி செய்த ஆயத்தம் அது.

இரவும் பகலும் ஓட்டம். எங்கும் இறங்கி உண்ணவில்லை. நிலையத்தில் தேநீர்க்கலம் கொதித்திருந்தால் ஒரு குவளை, வண்டிக்குள் நீட்டப்பட்ட ரொட்டித் துண்டு, சற்றுப் பால், அவ்வளவே. கசான் நகரை அடைந்தபோது புத்தாண்டின் முன்மாலை. முகமூடி அணிந்தோர் நடனத்துக்குச் சென்றுகொண்டிருந்தனர். பனிப்புயல் வருகிறது, தங்கிச் செல்லுங்கள் என்று சொன்னவர்களைக் கேளாமல் வண்டியைச் செலுத்தச் சொன்னார். அன்றிரவே வண்டி புயலில் வழிதவறிற்று.

அப்பால் ஒரு காட்டில், சங்கிலியில் பிணைத்து நடத்திச் செல்லப்பட்ட கைதிகளின் வரிசையொன்றை அவர் வண்டி கடந்தது. குளிர்கால வழி இன்னும் சீராகப் படியாததால் இடுப்பளவுப் பனியில் அவர்கள் நடந்துகொண்டிருந்தனர். மரியா இதை ஓரிரு வரிகளில் எழுதிவிட்டுப் போகிறார். நான் அவ்வரிகளைத் தாண்ட முடியாமல் நெடுநேரம் நின்றேன். அதே குளிர், அதே வழி, அதே திசை. அவர்களுக்கு வண்டியில்லை, தோற்போர்வையில்லை, சாரின் மடல் இல்லை. அவர்கள் எதைக் கொண்டு புறப்பட்டார்கள் என்பதை எழுதிவைக்க எவருமில்லை. இதற்குப் பின்னர் வருகிறேன்.

இர்குத்ஸ்கில் ஆளுநர் காத்திருந்தார். பெண்களை எவ்வாறேனும் திருப்பி அனுப்புமாறு அவருக்கு மேலிடத்து உத்தரவு. துருபெத்ஸ்கயாவை அவர் அங்கேயே மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தார். இவர்கள் கையெழுத்திட வேண்டிய தாளில் இருந்தவை: கணவரைப் பின்தொடரும் மனைவி தன் குலப்பட்டத்தை இழந்து, கடுந்தண்டனைக் கைதியின் மனைவி என்றே கருதப்படுவாள், சைபீரியாவில் பிறக்கும் குழந்தைகள் அரசுத் தொழிற்சாலைக் குடியானவர்களாகப் பதியப்படுவர், பணமோ விலைமதிப்புள்ள பொருளோ கொண்டுசெல்லக் கூடாது, உடன்வந்த பண்ணையடிமைகள் மீது உரிமை இல்லை. மரியா ஒப்பமிட்டார்.

பின்னர் அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து பட்டியல் எடுத்தனர். மரியாவின் உடைமை என்று அவரே குறிப்பிடுபவை: மிகச் சிறிதளவு உள்ளுடுப்புத் துணி, மூன்று உடைகள், குடும்பத்தாரின் உருவப்படங்கள், ஒரு பயண மருந்துப்பெட்டி. செல்வம் கொழித்த குடும்பத்தின் மகள், வாழ்நாள் முழுமைக்கும் என்று எடுத்துவைத்தவை இவை.

இனி அந்த ஆயத்தங்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பைக்காலை இரவில் கடந்தார். கண்ணில் எழுந்த நீர் கண்ணிலேயே உறைந்த குளிர். மறுகரை தாண்டி வெர்ஹ்னெஊதின்ஸ்க், அதாவது இன்றைய உலான்-ஊதே சென்றால், அங்கே தரையில் பனியே இல்லை. பைக்காலுக்கு அப்பால் குளிர்காலக் காற்று மிக வறண்டது; குளிர் மிகும், பனிப்பொழிவு குறையும்; பெய்த சிறிதையும் மணல்தரை விழுங்கிவிடும். இத்தனை தொலைவு சுமந்துவந்த சறுக்குவண்டி பயனற்றுப்போயிற்று. கட்டைவண்டிக்கு மாறினார். நிலையந்தோறும் வண்டி மாற்றிச் செல்வது முதலில் அவருக்கு வேடிக்கையாகத் தோன்றியது. குலுக்கலில் உடம்பு நொந்தபின் வேடிக்கை நின்றது.

1827 பிப்ரவரியில் நெர்ச்சின்ஸ்க் சுரங்க வட்டாரத்தில் பிளாகொதாத்ஸ்க் என்னும் சிற்றூரை அடைந்தார். சிறையில் கணவர் விலங்குகளோடு எழுந்து வந்தபோது, மரியா மண்டியிட்டு முதலில் அந்த விலங்கை முத்தமிட்டார், பிறகே கணவரை. நெக்ராசவ் பின்னாளில் 'உருசியப் பெண்கள்' என்னும் நெடுங்கவிதையில் இச்சந்திப்பைச் சுரங்கத்தின் அடியாழத்துக்கு மாற்றிவிட்டார். கவிஞருக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் உண்மையில் அது சிறையின் ஓர் இருண்ட சிற்றறையிலேயே நிகழ்ந்தது.

துருபெத்ஸ்கயாவும் மரியாவும் ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்தனர். தரையில் மெத்தை விரித்துப் படுத்தால் தலை சுவரில் இடிக்கும். கால் கதவைத் தொடும். சாளரத்தில் கண்ணாடிக்குப் பதில் மைக்கா ஏடு. காற்றடிக்கும் நாளில் அடுப்பு புகைந்ததால் மூட்ட முடியாது. உடன்வந்த பணிப்பெண்களையும் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரு சீமாட்டிகளும் தரை கழுவவும் துணி துவைக்கவும் சமைக்கவும் கற்றனர். கையிருப்புப் பணம் கரைந்தபோது இரவுணவை நிறுத்தினர். தந்தை வீட்டில் நாவுக்கினிய உணவு உண்டு வளர்ந்த துருபெத்ஸ்கயா, கறுப்பு ரொட்டியைப் புளித்த 'குவாஸ்' பானத்தோடு உண்டார். அவர்கள் சமைத்த நல்லுணவு சிறைக்குப் போயிற்று.

ஒருநாள் துருபெத்ஸ்கயாவின் பாதங்கள் குளிரில் விறைத்துப்போயின; அவர் தேய்ந்த பழைய காலணியை அணிந்திருந்தார். வீட்டிலிருந்து கொணர்ந்த புதிய காலணி எங்கே? சுரங்கத்தில் வேலை செய்யும் அபலென்ஸ்கியின் தலைமேல் தாதுத்துகள் கொட்டுகிறதே என்று, அதை வெட்டி அவருக்குத் தொப்பி தைத்துக் கொடுத்துவிட்டார். அபலென்ஸ்கி கணவருமல்லர், உடன்பிறந்தாருமல்லர், உடன் சிறைப்பட்டவர். பயண ஆயத்தம் பற்றி நான் படித்தவற்றுள் இதற்கு நிகரானது வேறில்லை. தன் காலுக்கென்று எடுத்துவைத்தது, போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொருவர் தலைக்கு ஆயிற்று.

ஆக, சறுக்குவண்டி பாதிவழியில் நின்றது. வைரம் அடகில் போயிற்று. பட்டம் தாளில் போயிற்று. பணிப்பெண் போனாள். காலணி தொப்பியானது. திட்டமிட்டு எடுத்தவற்றுள் மிகச் சிலவே திட்டமிட்டபடி பயன்பட்டன. எனில், இவர்கள் கொண்டுபோனவற்றுள் இறுதிவரை பயன்பட்டது யாது?

கவிஞர்கள் கூடிய அவையில் இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது எழுதத் தெரிந்த கை. கடுந்தண்டனைக் காலத்தில் டிசம்பரிஸ்டுகள் உறவினருக்கு மடல் எழுதக் கூடாது என்பது விதி. உயிரோடிருந்தும் அவர்கள் பேச்சற்றவர்கள். மனைவியருக்கு அத்தடை இல்லை. 1827இல் கைதிகள் சித்தாவுக்கு மாற்றப்பட்டனர்; அப்பெண்களும் அங்கே சென்றனர். கைதிகள் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் இவர்களே மடல் எழுதத் தொடங்கினர். உங்கள் மகன் நலம், உங்கள் தம்பி இன்ன நூலைக் கேட்கிறார் என்று, மனைவி இல்லாதோருக்கும் சேர்த்து எழுதினர். ஒவ்வோர் அஞ்சல் நாளிலும் ஒருவரே பத்து, இருபது மடல்கள் எழுதினர். அதிகாரிகள் படித்துப் பார்த்த பின்னரே அவை போயின, ஆயினும் போயின. பதில்களும் நூல்களும் இதழ்களும் பணமும் வந்தன. மறக்கப்பட வேண்டும் என்று அரசு விதித்தோரை மறக்கவிடாமல் வைத்திருந்தவை இம்மடல்கள். எந்தப் பயணப் பட்டியலிலும் இக்கையை எவரும் எழுதவில்லை. எந்த அதிகாரியும் பெட்டியில் தேடிப் பறிக்கவுமில்லை.

பூஷ்கினின் கவிதையும் அவ்வாறே சென்றது. மரியாவிடம் தரத் தவறிய அதை, 1827 ஜனவரியில் மாஸ்கோவிலிருந்து புறப்பட்ட அலெக்சாந்திரா முராவியோவாவிடம் அவர் கொடுத்தார். முராவியோவா மூன்று குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுச் சென்றவர். அவர் சுமந்தவற்றுள் எடையற்றது அந்தத் தாள். அகப்பட்டிருந்தால் எல்லாவற்றினும் ஆபத்தானதும் அதுவே. சிறையில் அதைப் பெற்றோர் சார்பில் கவிஞர் அதோயெவ்ஸ்கி மறுமொழிக் கவிதை எழுதினார். உருசியாவுக்குள் அக்கவிதை கையெழுத்துப் படியாகவே உலவியது; 1856இல் இலண்டனில் ஹெர்ட்சனின் வெளியீட்டில் முதன்முதலாக அச்சேறியது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஒரு கவிதை மனிதர் கைகளிலேயே தங்கி வாழ்ந்தது.

இவ்வளவும் சொன்னபின், விலையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. முத்திரையை வைத்து விளையாடிய மரியாவின் குழந்தை 1828 ஜனவரியில், இரண்டு வயதளவில், இறந்தது. செய்தி மெல்ல ஊர்ந்து வந்தது. பூஷ்கின் அக்குழந்தையின் கல்லறைக்கு வரிகள் எழுதித் தந்தார். முராவியோவா 1832இல் சைபீரிய மண்ணிலேயே மறைந்தார். துருபெத்ஸ்கயா 1854இல் இர்குத்ஸ்கில் மறைந்தார். பொதுமன்னிப்பு வந்தது 1856இல். மரியா திரும்பி வந்து 1863இல் காலமானார். அவர் புறப்பட்டது சரியா என்று தீர்ப்பளிக்க நான் இங்கு நிற்கவில்லை. இரு பக்கத்திலும் ஓர் உயிரை நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அரசு. செலவு என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருளும் அமைந்தது எவ்வளவு பொருத்தம் என்பதை மட்டும் எண்ணிப்பார்க்கிறேன்.

பனிநிலத்துக்குப் பெயர்தல் தமிழருக்கும் அயலான கதையன்று. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து ஆயிரமாயிரம் பேர் கனடாவுக்கும் நார்வேக்கும் பிற குளிர்நாடுகளுக்கும் பெயர்ந்தனர். பலரிடம் மூன்று உடைகளும் இருந்திருக்காது. ஆனால் போன இடத்தில் சிற்றிதழ்கள் தொடங்கினர். கதையும் கவிதையும் எழுதினர். எஸ்.பொ.வும் இந்திரனும் தொகுத்து 1994இல் வெளியான 'பனியும் பனையும்' என்னும் சிறுகதைத் தொகுதியின் பெயரே அவ்விரு நிலங்களையும் அருகருகே வைத்துவிட்டது. அவர்களும் எழுதும் கையைக் கொண்டு சென்றவர்கள்.

முன்பு பாதியில் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். இடுப்பளவுப் பனியில் நடந்த அந்தச் சங்கிலி வரிசை. அவர்களுள்ளும் மனைவியை விட்டு வந்தோர் இருந்திருப்பர். பின்தொடர்ந்து நடந்து வந்த மனைவியரும் சைபீரிய வழிகளில் உண்டு. அவர்கள் மீது நெடுங்கவிதை எழவில்லை. மரியாவின் மூன்று உடைகளை நாம் அறிவோம். காரணம், மரியாவுக்கு எழுதத் தெரியும். அவ்வரிசையில் நடந்தோரின் மூட்டையில் இருந்தது நமக்குத் தெரியாது. அவர்களுக்கு மூட்டை இருந்ததா என்பதும் தெரியாது.

இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் செய்யத்தக்க பணியாக ஒன்றைப் பணிவோடு முன்வைக்கிறேன். நம் தெருக்களிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் தொலைவிடம் போகின்றனர். குளிர்நாட்டுக்கு விமானமேறும் மாணவர்கள் இருக்கிறார்கள். வடக்கே வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து நம் ஊருக்குப் பிழைக்க வந்து, நம் மொழி தெரியாமல் நிற்போரும் இருக்கிறார்கள். அவர்கள் புறப்பட்டபோது எதை எடுத்தார்கள், எதை வைத்துவிட்டு வந்தார்கள், யார் தடுத்தார், யார் அழுதார் என்பதைக் கேட்டு எழுதிவைப்போம். எழுதத் தெரியாதவர் கேட்டால் ஒரு மடல் எழுதித் தருவோம். சித்தாவில் அப்பெண்கள் செய்தது அதுதான். கவிதை அதன்பின் தானே வரும். வராவிட்டாலும் மடல் போய்ச் சேர்ந்திருக்கும்.